கடைசி வரிசையின் கடமையும் உரிமையும்

கற்றுக்கொள்வதற்கு முன்னரே நம்பத் தொடங்க வேண்டியிருக்கிறது. கல்வியின் வாசலில் நிற்கும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. நீச்சல் அறியாத ஒருவர், தமக்குக் கற்பிக்க வந்தவர் வல்லவரா அல்லரா என்பதை எவ்வாறு அறிவார்? எடைபோட வேண்டுமாயின் அக்கலையை முன்பே அறிந்திருக்க வேண்டும்; முன்பே அறிந்தவருக்கோ ஆசிரியர் தேவையில்லை. ஆகவே தொடக்கநிலையில் உள்ளவர், தம்மால் அளக்க இயலாத ஒருவரின் கையில் தம்மை ஒப்படைத்தே தீர வேண்டும். இந்த ஒப்படைப்பு நற்பண்பா, ஆபத்தா? பணிவு எவ்விடத்தில் முடிந்து, அடிமைத்தனம் எவ்விடத்தில் தொடங்குகிறது?

பள்ளி, குருமடம், துறவற இல்லம், மறைக்கல்வி வகுப்பு, குடும்பம் ஆகிய அனைத்துக்கும் உரிய வினா இது. சொற்களால் மட்டும் ஆராய்ந்தால் இது எளிதில் கைநழுவிப் போகும். கைகால்களைக் கொண்டு கற்கும் ஒரு கலையில் வைத்துப் பார்த்தாலோ தெளிவாகப் புலப்படும். ஏனெனில் அங்கே ஆசிரியரின் அதிகாரம் மாணவரின் உடல்மீதே செயல்படுகிறது. நம்பிக்கை வீணானால் எலும்பு முறியும். ஆகவே கராத்தே கலையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். மருத்துவர் உடற்பயிற்சியை வற்புறுத்தியதன் பேரில் பங்குப் பள்ளியின் காலை வகுப்பில் சில மாதங்களாகச் சேர்ந்திருக்கும் நாம், அண்மையில் இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றிலும் பங்குபெற்றோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்துவரும் ஆசிரியர் ஒருவர் அதனை நடத்தினார்.

இத்தகைய முகாம்களில் அனைவரும் பெல்ட்டின் நிறப்படி வரிசையில் நிற்பர். கருப்பு பெல்ட் அணிந்தோர் முன்னே. வெள்ளை பெல்ட் அணிந்தோர் கடைசியில். வயதோ, படிப்போ, பதவியோ அந்த வரிசையை மாற்றுவதில்லை. கடைசி வரிசையில் பத்து வயதுச் சிறுவர், கல்லூரி மாணவி, வங்கி ஊழியர் ஆகியோருடன் நாமும் நின்றோம். நம் மறைக்கல்வி வகுப்பில் நம்மிடம் பயிலும் சிறுவன் ஒருவன் மஞ்சள் பெல்ட்டுடன் நமக்கு முன் வரிசையில் நின்றான். அவன் மெல்லத் திரும்பி, "சாமி, இடது காலை முன்னால வைங்க" என்றான். ஞாயிறன்று நாம் அவனுக்கு ஆசிரியர். அன்று அவன் நமக்கு மூத்தவன். இவ்வாறு இடம் மாறி நிற்கும் வாய்ப்பு வளர்ந்த மனிதருக்கு அரிதாகவே கிடைக்கிறது.

முதற்படி என்னும் சொல்

பெல்ட்டின் நிறங்கள் பழங்காலத்தவை அல்ல. ஜூடோக் கலையை உருவாக்கிய கானோ ஜிகோரோ (1860–1938) தம் மாணவருக்கு 1883 இல் 'டான்' எனப்படும் படிநிலைகளை வழங்கத் தொடங்கினார். ஒக்கினாவாத் தீவின் பள்ளி ஆசிரியரும் கராத்தே கலையை ஜப்பானின் பெருநிலத்தில் பரப்பியவருமாகிய ஃபுனகோஷி கிச்சின் (1868–1957) அம்முறையை ஏற்று, 1924 இல் தம் மாணவர் சிலருக்கு முதல் டான் வழங்கினார். கருப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு 'ஷோடான்' என்பது பெயர். அச்சொல்லின் பொருள் 'தொடக்கப்படி' என்பதே. பார்ப்பவர் முடிவு எனக் கருதும் இடத்துக்கு அக்கலை சூட்டியுள்ள பெயர் தொடக்கம். ஜப்பானின் நோ நாடக ஆசான் செயாமி, 1424 இல் எழுதிய நூலில், கலைஞர் தம் தொடக்கநிலை மனத்தை ஒருபோதும் மறத்தல் ஆகாது என்று அறிவுறுத்தினார். இளமையில் மட்டுமன்று, முதுமையிலும் மனிதர் அந்தந்தப் பருவத்துக்குரிய புதிய தொடக்கநிலையில் நிற்கிறார் என்பது அவரது கருத்து.

ஃபுனகோஷியின் வாழ்வே இதற்குச் சான்று. 1922 இல் டோக்கியோவில் தம் கலையைச் செய்து காட்டச் சென்றபோது அவர் ஐம்பதைக் கடந்தவர். அங்கேயே தங்கிவிட்ட அவர், மாணவர் விடுதி ஒன்றில் சிறிய அறையில் வாழ்ந்து, பகலில் அவ்விடுதியைப் பெருக்கியும் தோட்டத்தைப் பேணியும் காலம் கழித்தார். அதே ஆண்டில் அவரைத் தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் செய்து காட்டச் செய்தவர் கானோ. நாடறிந்த ஆசானாகிய கானோ, புதிதாய் ஊருக்கு வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் சில அடிப்படைகளைக் கற்க விரும்பிக் கேட்டார். கற்கும் மனம் கற்றவரிடமே மிகுதியாக வேண்டப்படுகிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

முகாமிலும் இதனையே கண்டோம். முதல் ஒரு மணி நேரம் நிற்பதற்கும் நடப்பதற்குமே செலவாயிற்று. முன்கால் வளைந்து, பின்கால் நீண்டு, இடுப்பு தாழ்ந்து நிற்கும் நிலையை அனைவரும் செய்தோம். ஆசிரியர் வரிசைதோறும் நடந்து திருத்தினார். தாமே வகுப்பு நடத்தும் கருப்பு பெல்ட்டர் ஒருவரின் தோள் உயர்ந்திருந்தது; ஆசிரியர் அதனை ஒரு விரலால் தாழ்த்தினார். தம் சொந்த மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலைதாழ்த்தி "நன்றி மாஸ்டர்" எனக் கூறி மீண்டும் செய்தார். பிறர் முன்னிலையில் திருத்தப்படுவதைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றல் எத்தனை பேருக்கு உண்டு? நம் பக்தசபைகளிலும் பாடகர் குழுக்களிலும் பங்குப்பேரவைகளிலும் எழும் பிணக்குகளுள் பல, இந்த ஓர் ஆற்றல் இல்லாமையால் எழுபவை அன்றோ?

மூன்று வணக்கங்கள்

ஆயினும் பணிவைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் நம் வினாவுக்கு விடை கிடையாது. பணிவைப் புகழ்ந்தே மனிதரை நசுக்கிய ஆசிரியர்களும் தலைவர்களும் வரலாற்றில் உண்டு. எனவே எத்தகைய பணிவு என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

கராத்தே வகுப்பு வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது. ஃபுனகோஷி தம் மாணவருக்கு விட்டுச் சென்ற இருபது நெறிகளுள் முதலாவது மரியாதையைப் பற்றியது. இரண்டாவது, முதல் தாக்குதல் நம்மிடமிருந்து எழலாகாது என்பது. அவர் மரபில் பயில்வோர் முதலில் கற்கும் 'ஹெயான் ஷோடான்' என்னும் கட்டாவின் முதல் அசைவும் தடுப்பு அசைவே. பல பயிற்சிக்கூடங்களில் தொடக்க வணக்கம் மூன்று பகுதிகளைக் கொண்டது. அனைவரும் முழந்தாளிட்டு அமர்ந்தபின், முதலில் கூடத்தின் முன்புறத்தை நோக்கி வணங்குவர். இரண்டாவதாக மாணவர் ஆசிரியரையும், ஆசிரியர் மாணவரையும் வணங்குவர். மூன்றாவதாக மாணவர் தம்முள் ஒருவரையொருவர் வணங்குவர்.

முன்புறத்தை வணங்குவது கிறிஸ்தவருக்குத் தகுமா எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவியதுண்டு. ஆராதனை வேறு, மரியாதை வேறு. ஜப்பானியச் சமூகச் சடங்குகளுள் நாட்டுப்பற்றையும் மரியாதையையும் மட்டுமே குறிப்பவற்றில் கத்தோலிக்கர் பங்கேற்கலாம் என்று உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் 1936 இலேயே தெளிவுபடுத்தியது. கலையின் முன்னோருக்குத் தலைதாழ்த்துவது, பெரியோரின் காலைத் தொட்டு வணங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதன்று.

நம் வினாவுக்கு ஒளி தருவது வேறொன்று. முதல் வணக்கத்தின்போது ஆசிரியர் தம் முகத்தை மாணவரிடமிருந்து திருப்புகிறார். மாணவரைப் போலவே அவரும் முன்புறத்தை நோக்கித் தலைதாழ்த்துகிறார். அந்நேரத்தில் அவரது முதுகையே மாணவர் காண்கின்றனர். தமக்கு மேலான ஒன்றுக்கு அவரும் பணிந்தவர் என்பதை, ஒரு சொல்லும் பேசாமல் அவர் அறிவித்துவிடுகிறார். அதன் பின்னரே மாணவரின் வணக்கத்தை ஏற்கிறார். ஏற்கும்போது தாமும் வணங்குகிறார். உண்மையான ஆசிரியரை அறிய இயலாமல் தவிக்கும் தொடக்கநிலையினருக்கு இங்கே முதல் அடையாளம் கிடைக்கிறது. அவரது திறமையை நம்மால் அளக்க இயலாமற் போகலாம். அவர் எதற்கேனும் பணிகிறாரா என்பதை நம்மால் காண இயலும். தாம் எதற்கும் பணியாமல் பிறரை மட்டும் பணியச் சொல்பவர், எவ்வளவு வல்லவராயினும் ஆபத்தானவர்.

முகாமின் இரண்டாம் நாள் வினா நேரத்தில் சிறுமி ஒருத்தி, கட்டா ஒன்றின் நடுவில் வரும் திருப்பத்தைச் சுட்டி, அது எதற்காக என்று கேட்டாள். ஆசிரியர் சற்றே யோசித்துவிட்டு, "என் மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன், பாப்பா" என்றார். முப்பதாண்டு அனுபவமுடையவர் இதனைக் கூறியதால் அவர்மீது இருந்த மதிப்புக் குறையவில்லை. மற்ற யாவும் அவர் அறிந்தே கூறியவை என்னும் உறுதியே பெருகிற்று.

தட்டும் கை

இரண்டாவது அடையாளம் இன்னும் கூர்மையானது. அன்று பிற்பகல் மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்கிப் பிடிக்கும் பூட்டுகளைப் பயின்றோம். பிடிக்கப்பட்டவர் வலி பொறுக்காத நிலையில், தம் உடலையோ எதிராளியின் உடலையோ தரையையோ கையால் இருமுறை தட்டுவார். தட்டிய அக்கணமே பிடியை விட்டுவிட வேண்டும். இது ஜூடோவிலும் கராத்தேயிலும் பிற கலைகளிலும் எங்கும் ஏற்கப்பட்ட விதி. பயிற்சிக்கு முன்பே ஆசிரியர் எச்சரித்தார்: "இது வலி தாங்குற போட்டி இல்லை. தட்டினா விடணும். விடாதவங்க இங்கே நிற்க வேண்டாம்." பின்பு கல்லூரி மாணவி ஒருவரை முன்னே அழைத்து, "கையைப் பிடிக்கலாமா அம்மா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பின்னரே தொட்டார். அடுத்துத் தம் கையைக் கடைசி வரிசைச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்து மடக்கச் சொன்னார். அவன் தயங்கித் தயங்கி மடக்க, தாமே தரையைத் தட்டினார். சிறுவன் வியப்புடன் விட்டுவிட்டான்.

சிறிய செயலே, எனினும் ஒரு முழு அறநெறி அதனுள் அடங்கியிருக்கிறது. கூடத்தில் எல்லா அதிகாரமும் மேலிருந்து கீழே வருகிறது. இந்த ஒன்று மட்டும் கீழிருந்து மேலே செல்கிறது. கட்டளைகள் அனைத்துக்கும் இணங்க வேண்டிய கடைசி வரிசையினரின் இரண்டு தட்டல்கள், முதல் வரிசையின் மிக வலிய கையையும் நிறுத்திவிடும். விளக்கம் கேட்கப்படாது, கோழை என்ற பெயர் சூட்டப்படாது. இந்த உரிமை இருப்பதனாலேயே தொடக்கநிலையினர் அச்சமின்றித் தம் கையைக் கொடுக்கின்றனர். ஆகவே அது பணிவுக்கு எதிரானது அன்று. பணிவை இயலச் செய்வதே அதுதான்.

இதனைத் திருச்சபையின் அறநெறியும் அறியும். புனித தோமா அக்குவினாஸ் (1225–1274) தம் இறையியல் தொகுப்பில், கற்பதற்கு இசையும் மனத்தை விவேகம் என்னும் தலையாய நற்பண்பின் ஒரு கூறாகக் கொள்கிறார். வாழ்வில் செய்ய வேண்டியவை எண்ணற்ற வகையினவாய் இருப்பதால், எவரும் தனித்து நின்று அனைத்தையும் அறிந்துகொள்ள இயலாது. முதியோரும் கற்றோருங்கூடச் சிலவற்றில் பிறரிடம் கற்றாக வேண்டும் என்பது அவர் கருத்து. ஆழ்ந்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். கற்கும் பணிவை அவர் விவேகத்தின் கூறாகவே வைத்தார். எனவே ஆய்ந்தறியும் அறிவை அணைத்துவிட்டு வரும் பணிவு, அவர் கூறும் நற்பண்பு ஆகாது. கீழ்ப்படிதலைப் பற்றி எழுதுமிடத்தும் அவர் எல்லை வகுக்கிறார். மேலதிகாரியின் ஆணை இறைவனின் ஆணைக்கு முரணாகுமிடத்திலும், அவரது அதிகாரத்துக்கு உட்படாத செயல்களிலும் கீழுள்ளவர் அவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். மனித உள்ளத்தின் உள்ளரங்கம் இறைவனுக்கே உரியது.

இவை நூலோடு நிற்கும் கருத்துகள் அல்ல. ஆன்மீக அதிகாரம் பெற்றோர் சிலர் அதனைத் தவறாகப் பயன்படுத்திச் சிறுவருக்கும் வலுவற்றோருக்கும் இழைத்த கொடுமைகள் உலகத் திருச்சபையை உலுக்கியுள்ளன. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 இல் வெளியிட்ட 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்னும் ஆவணம், அத்தகைய குற்றங்களை அறிந்த குருக்களும் துறவியரும் அவற்றை உரியவரிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. நம் நாட்டிலும் சிறுவரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இவற்றின் உட்பொருளை முகாமின் மொழியில் சொல்வதாயின், கடைசி வரிசையினரின் தட்டல் கேட்கப்பட வேண்டும் என்பதே. பாதிக்கப்பட்டோர் பலர் தட்டினர். அவ்வொலி கேட்டும் கேளாதார் போல் பிடியை விடாமல் இருந்தவர்கள் இருந்தனர். மரியாதையின் பெயரால் பிள்ளைகளின் வாயை அடைத்த பெற்றோரும் உறவினரும் உண்டு. "சாமியாரை எதிர்த்துப் பேசாதே", "மாஸ்டரைப் பற்றி அப்படிச் சொல்லாதே" என்னும் சொற்கள், தட்டும் கையைக் கட்டிப்போடும் கயிறுகள்.

ஏலியும் சாமுவேலும்

திருநூலில் தொடக்கநிலை மாணவர் ஒருவரின் மிக அழகிய வரலாறு சீலோவின் கோவிலில் நிகழ்கிறது. சிறுவன் சாமுவேல் இரவில் தன்னை அழைக்கும் குரலைக் கேட்டு, முதிய குரு ஏலியிடம் மும்முறை ஓடுகிறான். தன்னை அழைப்பவர் யாரெனப் பிரித்தறிய அவனால் இயலவில்லை. ஆண்டவரை அவன் அதுவரை அறிந்திருக்கவில்லை. எந்தக் குரலையும் ஆசிரியரின் குரல் என்றே எண்ணுவது தொடக்கநிலையினரின் இயல்பு. அதில் குறையொன்றும் இல்லை. அவனுடைய உடனடிப் பணிவு போற்றத்தக்கதே.

ஏலியின் பங்கு யாது? பார்வை மங்கிய, தம் மைந்தரைக் கண்டிக்கத் தவறிய குரு அவர். ஆயினும் அன்றிரவு ஆசிரியர் ஆற்றவேண்டிய தலையாய பணியை அவர் நிறைவாக ஆற்றினார். தம்மை நோக்கி ஓடிவந்த சிறுவனைத் தம்மிடமிருந்து திருப்பி, ஆண்டவருக்குச் செவிகொடுக்க அனுப்பினார். மறுநாள் காலையில், ஆண்டவர் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் தம்மிடம் கூறும்படி வற்புறுத்தினார். அச்செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. சொல்ல அஞ்சிய சிறுவனைச் சொல்ல வைத்து, கேட்டபின் அவனைக் கடியாமல், அதனை ஆண்டவரின் திருவுளமாக ஏற்றார் அம்முதியவர்.

நம் மூன்றாவது அடையாளத்தை இங்கே காண்கிறோம். உண்மையான ஆசிரியர் மாணவரைத் தம்மிடம் கட்டி வைப்பதில்லை. தமக்கு எதிரான உண்மையையும் சொல்லும் துணிவை அவருக்குத் தருகிறார். புனித அகுஸ்தீனார் 389 ஆம் ஆண்டளவில் ஆசிரியரைப் பற்றி எழுதிய உரையாடலில், மனிதரின் சொற்கள் வெறும் அடையாளங்களே என்றும், உள்ளத்தினுள் உண்மையைக் கற்பிப்பவர் கிறிஸ்துவே என்றும் விளக்குகிறார். மனித ஆசிரியர் விரல் நீட்டுகிறார். காண வேண்டியது மாணவரின் கண். ஜப்பானியக் கலைகளில் கற்றலின் மூன்று படிகளைக் குறிக்க 'ஷு, ஹா, ரி' என்னும் சொற்கள் வழங்குகின்றன. வடிவத்தை அப்படியே காத்தல் முதற்படி; அதனை உடைத்து ஆராய்தல் இரண்டாம் படி; அதனைக் கடந்து செல்லுதல் மூன்றாம் படி. முதற்படியைத் தாண்ட முயல்பவர் பண்படாதவராகிறார். முதற்படியிலேயே மாணவரை நிறுத்திவைக்கும் ஆசிரியர் அவரைத் திருடியவராகிறார்.

நமக்குரிய பாடம்

இறைமக்களாகிய நாம் இவ்விரு பக்கங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒருபுறம், முதல் நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்றதோடு விசுவாசக் கல்வி முடிந்துவிட்டது என எண்ணி வாழ்வோர் நம்மிடையே பலர். தொழிலில் ஐம்பது வயது முதிர்ச்சி; இறையறிவில் பன்னிரண்டு வயதுப் பாடம். கடைசி வரிசையில் சென்று நிற்க நமக்கு நாணம். வள்ளுவப் பெருந்தகை கல்வி அதிகாரத்தில், பொருளுடையார் முன் வறியவர் நிற்பதைப் போலக் கற்றோர் முன் தாழ்ந்து நின்று கற்றவரையே உயர்ந்தோர் எனக் கொள்கிறார். எபேசு நகரில் மறைநூல்களில் புலமை மிக்க சொல்வல்லார் அப்பொல்லோவை, கூடாரம் செய்யும் தொழிலாளராகிய பிரிஸ்கில்லா, அக்கிலா என்னும் இல்லறத்தார் அழைத்துச் சென்று நெறியை இன்னும் திருத்தமாக விளக்கினர் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. அவரும் ஏற்றுக்கொண்டார். பொதுநிலையினரிடம் குருக்கள் கற்பதற்கும், மனைவியிடம் கணவர் கற்பதற்கும், பிள்ளைகளிடம் பெற்றோர் கற்பதற்கும் இதனினும் மேலான முன்மாதிரி வேண்டுமோ?

மறுபுறம், பிள்ளைகளைப் பிறர் கையில் ஒப்படைக்கும் நாம், அந்தக் கையைப் பார்த்துத்தான் ஒப்படைக்கிறோமா? கராத்தே வகுப்பாயினும் பாட்டு வகுப்பாயினும் மறைக்கல்வியாயினும், மூன்று வினாக்களைக் கேட்கலாம். இந்த ஆசிரியர் தமக்கு மேலான ஒன்றுக்குப் பணிகிறாரா? மாணவர் தட்டினால் உடனே விடுகிறாரா? நாளடைவில் மாணவர் தம் சொந்தக் காலில் நிற்கும்படி வளர்க்கிறாரா? இவற்றை அறிய அக்கலையில் தேர்ச்சி வேண்டியதில்லை. தொடக்கநிலையினரின் கண்ணுக்கும் இவை தெரியும். ஆதலின் நாம் தொடக்கத்தில் கூறிய சிக்கல் முற்றிலும் தீராவிடினும், இருளில் ஒரு கைவிளக்காவது கிடைக்கிறது: திறமையை அளக்க இயலாதவரும் நேர்மையை அளக்க இயலும்.

இவ்வினாக்களைக் குருக்களாகிய நாமும் நம்மை நோக்கிக் கேட்டாக வேண்டும். ஆசிரியரும் ஆண்டவருமாகிய இயேசு இராவுணவின்போது சீடரின் காலடியில் குனிந்தார். பேதுரு முதலில் மறுத்தபோது அவர்மீது சினங்கொள்ளவில்லை. எடுத்துரைத்தார், அவர் இசையும்வரை காத்திருந்தார். பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் போதகர் நடுவில் அமர்ந்தவரும் அவரே. அங்கே அவர் செவிசாய்த்தார், வினாக்களும் கேட்டார். செவிசாய்த்தல் கடைசி வரிசையின் கடமை; வினவுதல் அதன் உரிமை. இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு ஒருங்கே கற்பிப்போமாக.